காலருக்குள் மஞ்சள்

எம் மகன் ஜெய் ஒரு சட்டையைப் போட மாட்டேன்னுட்டான். அவ்வளவுதான் அவன் செஞ்ச குத்தம். திருடல, யாரையும் அடிக்கல, கஞ்சா கிஞ்சா ஒரு எழவும் கிடையாது. பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை. இந்த நாட்டுல பதினெட்டு வயசு ஆன ஒவ்வொரு பையனும் போடுற ராணுவ உடுப்பு. அதை வேணாம்னதுக்கு இப்ப கிராஞ்சியில ராணுவத் தடுப்புக் காவல்ல உக்காந்திருக்கான்.

கீழ காப்பிக்கடையில கேப்பாங்க, "என்ன அண்ணாதுரை, பையன் ஆர்மிக்குப் போயிட்டானாமே?" ஆமான்னுடுவேன். பொய் ஒண்ணுமில்லையே. ஆர்மி இடத்துலதானே இருக்கான். காப்பியைக் குடிச்சிட்டு அவங்க அடுத்த கேள்வி கேக்குறதுக்குள்ள எந்திரிச்சுடுவேன்.

நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவன். புக்கிட் பாத்தோக் பக்கம் கூரையில எல் போர்டு வச்ச வெள்ளை வண்டியில யாராவது கத்திக்கிட்டே போறதைப் பார்த்தீங்கன்னா அது நானாத்தான் இருக்கும். எனக்குக் கோவம் மூக்கு மேல. ஆனா ஒரு பிள்ளையையும் அடிபட விட்டதில்ல. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, பாருங்க. ஓட்டுறவன் தப்பாப் போனா நான் மிதிச்சுடுவேன். அப்படியே பழகிட்டேன். வீட்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கும்னு காலைத் துழாவிக்கிட்டே இருந்தேன். இல்ல.

என் பொண்டாட்டி சுதா யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்தவ. கல்யாணம் கட்டுறப்ப நல்லாத்தான் இருந்தா, அதாவது என்னை மாதிரி இருந்தா. அவ அம்மா தவறினப்ப, கூட வேலை பார்த்த ஒரு பொம்பளை ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தா. வந்தவ கையில வேதப்புத்தகம். ரெண்டு வருஷத்துல சுதா குங்குமம் வைக்கிறதை விட்டா, ஜெய்யையும் கூட்டிக்கிட்டா. அப்ப அவனுக்கு எட்டு வயசு. மூத்தவ ரோஷினி எங்கூட நின்னுட்டா. நான் கோயிலுக்குப் போறவன், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனுக்குப் பல வருஷம் தீ மிதிச்சவன். சண்டை போட்டேனா? போட்டேன். தட்டு உடைஞ்சுது, அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துச்சு. அப்புறம் அடங்கிட்டேன். ஹால்ல என் சாமி மேடை, ரூமுக்குள்ள அவங்க ஜெபம். அரசாங்கம் மாதிரி நானும் எல்லா மதத்தையும் ஒரே ஃபிளாட்டுல வச்சுக் குடும்பம் நடத்திக்கிட்டிருந்தேன்.

ஒண்ணே ஒண்ணுலதான் நான் விட்டுக்கொடுக்கல. தீபாவளிச் சட்டை.

வருஷா வருஷம் சிராங்கூன் ரோட்டுல நம்ம அப்துல் கஃபார் கடையிலதான் துணி எடுப்பேன். நாலு பேருக்கும். காலையில சாமிகிட்ட வச்சு, காலருக்குள்ள கட்டை விரலால மஞ்சள் தடவி, கையில கொடுப்பேன். எங்கப்பா எனக்கு அப்படித்தான் கொடுத்தார். ரோஷினி வாங்கிக் கண்ணுல ஒத்திக்குவா. சுதா சண்டை வேணாம்னு வாங்கி அலமாரியில வச்சுடுவா, கட்ட மாட்டா. ஜெய் வாங்கவே மாட்டான், அவங்க சபையில சாமிக்கு வச்சதை உடுத்தக் கூடாதாம். பத்து வயசுப் பயல், கையைப் பின்னால கட்டிக்கிட்டு, "வேணாம்ப்பா, தேங்க்ஸ்"னு சொல்வான். அந்தத் தேங்க்ஸ்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அடம் பிடிச்சு அழுதா ரெண்டு போடு போடலாம். மரியாதையா வேணாம்ங்கிறவனை என்ன பண்றது?

ஒரு வருஷம் நிஜமாவே கத்திட்டேன். "இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே ரூல்தான்டா! உன் ஒருத்தனுக்காக மாத்துனா நாளைக்கு உங்கக்காவும் மாத்தச் சொல்லுவா!" அந்தச் சட்டை பிளாஸ்டிக் உறையோடயே அலமாரியில கிடந்துச்சு.

இதைக் கஃபார்கிட்ட புலம்பினேன். அவர் துணியை மடிச்சுக்கிட்டே சொன்னார், "துரை அண்ணே, பையன் சட்டையையா வேணாம்ங்கிறான்? மஞ்சளைத்தானே வேணாம்ங்கிறான். நீங்க எனக்கு வருஷா வருஷம் முறுக்கு கொடுக்குறீங்க. சாமிக்கு வச்சதுலேர்ந்தா எடுத்துத் தர்றீங்க? எனக்குன்னு தனியா எடுத்து வச்சுத்தானே தர்றீங்க? அதே மாதிரி பிள்ளைக்கும் செய்ங்களேன்."

அவன் வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சு நாலு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு அது உறைச்சுது பாருங்க. அடுத்த தீபாவளிக்கு மூணு பேர் துணியை மட்டும் சாமிகிட்ட வச்சேன். நாலாவதை வைக்கல. தீபாவளி முடிஞ்சு, ஒரு சாதாரண செவ்வாக்கிழமை, அவன் டியூஷன் போறப்ப, "டேய், கஃபார் மாமா கடையில மலிவாக் கிடைச்சுது"ன்னு தூக்கிப் போட்டேன். பிரிச்சான். காலரைத் திருப்பிப் பார்த்தான். மஞ்சள் இல்ல. என்னை ஒரு பார்வை பார்த்தான். அங்கேயே போட்டிருந்த சட்டையைக் கழட்டிட்டு அதைப் போட்டுக்கிட்டுப் போனான். நான் கக்கூஸ்ல போய் உக்காந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமே இல்ல.

அதுலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு பழக்கம். வருஷத்துக்கு ஒரு சட்டை, மஞ்சள் தடவாம, ஏதாவது ஒரு நாள்ல.

பாலிடெக்னிக் முடிச்சான். ராணுவச் சேவைக்கு வரச் சொல்லி நாள் குறிச்சு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல, சுதா சாம்பார் ஊத்துறா, இவன் மெதுவா ஆரம்பிச்சான். "அப்பா, நான் ரிப்போர்ட் பண்ணப் போவேன். ஓடி ஒளிய மாட்டேன். ஆனா யூனிஃபார்ம் போட மாட்டேன்."

எனக்குத் தெரியாம இல்ல, அவங்க சபையில ஆயுதம் தூக்கக் கூடாது, கொடிக்கு வணக்கம் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல கொடி ஏத்துறப்ப மரியாதையா நிப்பான், பாட மாட்டான், உறுதிமொழிக்குக் கையை நெஞ்சுல வைக்க மாட்டான். இனம் மொழி மதம் பாக்காம ஒண்ணா இருப்போம்னு எல்லாப் பிள்ளைங்களும் சொல்றப்ப எம் பிள்ளை மட்டும் வாயை மூடிக்கிட்டு நிப்பான். எத்தனை தடவை பிரின்சிபால் ரூம்ல போய் நான் உக்காந்திருப்பேன்! ஆனா சட்டைன்னு வர்றப்ப மாறிடுவான்னு நினைச்சேன். சட்டை விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு வழி கிடைச்சிருந்துச்சே.

"போடாட்டி என்ன ஆகும்னு தெரியுமாடா?"

"தெரியும்ப்பா. முதல்ல பதினஞ்சு மாசம். அப்புறம் திரும்பவும் யூனிஃபார்ம் கொடுப்பாங்க. வேணாம்னா இன்னும் ரெண்டு வருஷம்."

"மூணு வருஷத்துக்கு மேலடா! உன் கூட்டாளிங்க யுனிவர்சிட்டியில பாதி முடிச்சிருப்பாங்க!"

"தெரியும்ப்பா."

சுதா பக்கம் திரும்பினேன். "எல்லாம் உன்னாலதான்"னு கத்தணும்னு வாயைத் திறந்தேன். அவ கரண்டியோட வேற எங்கயோ பார்த்துக்கிட்டிருக்கா. சாம்பார் மேஜையில சிந்துது. அவளும் எத்தனை நாள் தூங்கலையோ. வாயை மூடிக்கிட்டேன். அந்த ஒரு தடவை என் வாய்க்குப் புத்தி இருந்துச்சு.

ரோஷினி தஞ்சோங் பகார்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருக்கா. படிச்சு முடிச்சுப் போன வருஷம்தான் சேர்ந்தா. எனக்கு அப்படியே தெம்பு வந்துருச்சு. வீட்டுலயே வக்கீல்! சாயங்காலம் அவ ஆபீஸ் வாசலுக்கே போய் வண்டியை நிறுத்தினேன். ஏறி உக்காந்தா. "சொல்லும்மா, சட்டத்துல என்ன இருக்கு?"

"அரசியலமைப்புல பதினஞ்சாவது ஷரத்துப்பா. யாரும் எந்த மதத்தையும் நம்பலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். அது உரிமை."

"பாத்தியா! அப்புறம் என்ன?"

"கீழ இன்னொரு பிரிவு இருக்குப்பா. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், இதுக்குன்னு இருக்குற பொதுச் சட்டத்தை மீற அந்த உரிமை வழி விடாது."

"அப்ப மேல கொடுத்துட்டுக் கீழ பிடுங்கிட்டாங்களா?"

"அப்படியில்லப்பா. கீழ அது இல்லன்னா யாரு வேணா சாமி பேரைச் சொல்லி எது வேணா பண்ணலாம்ல?" அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டா. "இதையெல்லாம் ஏற்கனவே கோர்ட்டுல கேட்டுட்டாங்கப்பா. ரொம்ப வருஷம் முன்னாடியே. அந்தச் சபையைப் பதிவுலேர்ந்து எடுத்ததே எழுபதுகள்ல. நான் தேடாத இடமில்ல. எம் பாஸ்கிட்டகூட கேட்டேன். ஒண்ணும் இல்லப்பா." அவளுக்குத் தம்பி மேல உசுரு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் வண்டியை எடுக்கல. ஊரு பூரா வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்குறவன் பஸ் லேன்ல நிக்கிறேன்.

சரி, சட்டம் இல்லன்னா மனுஷங்க இருப்பாங்கல்லன்னு அலைய ஆரம்பிச்சேன். தொகுதி எம்.பி. மக்களைப் பாக்குற நாள்ல, புளோக்குக்குக் கீழ இருக்குற வாய்ட் டெக்ல வரிசையில நின்னேன். எழுதி அனுப்பினாங்க. பதில் மரியாதையா வந்துச்சு. அப்புறம் எப்படியோ ஒரு ராணுவ அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மேஜர், சீனர், எம் வயசுல பாதி இருக்கும். தண்ணி பாட்டில் திறந்து கொடுத்து உக்கார வச்சார். சத்தியமாச் சொல்றேன், அவரைத் திட்ட ஒரு காரணம் கிடைக்காதான்னு பார்த்தேன், கிடைக்கல.

நான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வாதத்தை எடுத்து வச்சேன். எங்க வீட்டுச் சட்டைக் கதையை முழுசாச் சொன்னேன், என் ஓட்டை இங்கிலீஷ்ல. மஞ்சள்னா என்னன்னு விளக்கினேன். "சார், அவன் வேலை செய்ய மாட்டேங்கல. ஆஸ்பத்திரியில பெட் பேன் கழுவச் சொல்லுங்க, கழுவுவான். மூணு வருஷம் இல்ல, நாலு வருஷம் செய்வான். உங்க சட்டையில உங்க மஞ்சளைத் தடவாம கொடுங்க சார். நான் கொடுத்தேன், அவன் போட்டுக்கிட்டான். சீக்கியருக்குத் தலைப்பாகை விட்டிருக்கீங்க. முஸ்லிமுக்கு ஹலால் சாப்பாடு. மாட்டுக்கறி வேணாம்னா அதுக்கும் வேற தட்டு. அதே மாதிரிதானே சார்?"

அவர் சொன்னார், "அங்கிள், அவங்கல்லாம் யூனிஃபார்ம் போட்டுட்டுத்தான் அதைக் கேக்குறாங்க. சேவையே வேணாம்னு ஒரு மதத்துக்கு விலக்குக் கொடுத்தா நாளைக்கு வேற ஒருத்தர் வேற சாமியோட வருவார். எந்தச் சாமி உண்மை, எவன் நம்பிக்கை உண்மைன்னு நாங்க உக்காந்து பார்க்க முடியுமா? கவர்ன்மென்ட் அதைச் செய்யக் கூடாது. ஒருத்தர் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க பாக்குறதில்ல. சட்டையை மட்டும்தான் பாக்குறோம். எல்லாருக்கும் ஒரே ரூல்."

எல்லாருக்கும் ஒரே ரூல். நான் பத்து வயசுப் பயலைப் பார்த்துக் கத்துன அதே வார்த்தை. எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. அதான் எரிச்சல். அநியாயம்னா நாலு வார்த்தை கேட்டுட்டு வெளிய வரலாம். தேங்க் யூ சார்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆனா வழியில ஒண்ணு தோணுச்சு. வீட்டுக்கு ஓடினேன். ஜெய் துணி மடிச்சுக்கிட்டிருந்தான். "டேய், அவரே சொல்லிட்டார்டா. அவங்க சட்டையை மட்டும்தான் பாக்குறாங்களாம். மனசுக்குள்ள பாக்குறதில்லையாம். அப்புறம் என்னடா? சும்மா போட்டுக்கோ. உள்ள நீ என்ன வேணா நினைச்சுக்கோ. உங்க யெகோவாவுக்கு உள்ள இருக்குறது தெரியாதா?"

"அது பொய்ப்பா."

"பொய்யாவே இருக்கட்டும்டா! ஊருல எவன்டா பொய் சொல்லாம இருக்கான்? காப்பிக்கடையில நான் சொல்லலையா? ஒரு தடவை எனக்காகச் சொல்லேன்டா!"

அவன் எங்கிட்ட வந்து என் தோள்ல கை வச்சான். என்னை விட ஒரு சாண் உயரம் இப்ப. "சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு கேட்டான். இவனை என்ன செய்ய?

அவன் ரிப்போர்ட் பண்ண வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஆத்தா, அவனுக்கு நீ வேணாம், தெரியும், எனக்காகப் பாருன்னு நின்னேன். குருக்கள் மஞ்சளும் குங்குமமும் கொடுத்தார். குங்குமத்தை நெத்தியில வச்சுக்கிட்டேன். மஞ்சளைப் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில வச்சேன். மறுநாள் போட்ட சட்டைப் பையிலயும் மாத்தி வச்சுக்கிட்டேன். எனக்குத் துணைக்கு.

புதுப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்குற தெக்கோங் தீவுக்கு ஃபெரியில போனோம், நான், சுதா, ரோஷினி, அவன். சுத்திலும் குடும்பம் குடும்பமா ஆளுங்க, போட்டோ எடுக்கிறாங்க, ஒரு அம்மா பையன் பையில மைலோ பாக்கெட்டாத் திணிக்குது. எனக்கு அந்த அம்மா மேல பொறாமை. அங்க சாப்பாடு போட்டாங்க, படுக்கையைக் காட்டினாங்க. பசங்க வரிசையா நின்னு கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னாங்க. எம் மகன் கை கீழயே இருந்துச்சு. சுதா என் கையைப் பிடிச்சா. பத்து வருஷத்துல அவளா வந்து என் கையைப் பிடிச்சது அன்னிக்குத்தான்.

மத்த பெத்தவங்க எல்லாம் ஃபெரிக்குக் கிளம்பினாங்க. என்னை மட்டும் ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிட்டாங்க. உள்ள ஜெய், ஒரு அதிகாரி, அப்புறம் ஒரு தமிழ் சார்ஜன்ட், நெஞ்சுல ரகுபதின்னு பேரு தைச்சிருக்கு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். மேஜையில புது யூனிஃபார்ம், மடிப்புக் கலையாம. அதிகாரி முறைப்படி ஒரு தடவை கேட்டார். ஜெய், "சாரி சார், என்னால முடியாது"ன்னான். அதே தேங்க்ஸ் குரல்.

ரகுபதி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சரின்னு தலையை ஆட்டினார். ரகுபதி அந்தச் சட்டையை எடுத்து எங்கிட்ட நீட்டினார். "அங்கிள், இன்னும் உள்ள போடுற ஆர்டர் எழுதல. நீங்களே கொடுங்க. எங்கிட்ட வாங்க மாட்டான். அப்பா கொடுத்தா வாங்குவான் லா. ப்ளீஸ் அங்கிள், எனக்கும் ஒரு தம்பி இருக்கான்." அந்தப் பையன் நல்லவன். அவனுக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு.

நான் வாங்கினேன். புதுத் துணி வாசனை. என் மண்டைக்குள்ள ஒண்ணும் ஓடல, ஒரே ஒரு விஷயம்தான், கொடு, வாங்கிக்குவான், கொடு. எத்தனை வருஷமா இந்தக் கை புதுச் சட்டை கொடுத்திருக்கு. அந்தக் கை தன் பாட்டுக்கு வேலை செஞ்சுது. சட்டைப் பைக்குள்ள போச்சு. பொட்டலம் அவிழ்ந்துதான் இருந்துச்சு. கட்டை விரல் வெளிய வந்துச்சு. காலரைத் திருப்புச்சு. ஒரு இழுப்பு.

நான் அதைச் செய்யுறேன்னே எனக்குத் தெரியாது. அம்மா சத்தியமாத் தெரியாது. சட்டையை நீட்டினேன். கை ரெண்டும் கடகடன்னு ஆடுது. "இந்தாப்பா"ன்னேன்.

ஜெய் கையை நீட்டினான்.

நான் பார்த்தேன். பின்னால கட்டியிருந்த கை முன்னால வந்துச்சு. ரெண்டு கையும். துணிக்கு ஒரு விரக்கடை இருக்கும். அப்பத்தான் அவன் கண்ணு காலர் பக்கம் போச்சு. நானும் பார்த்தேன். பச்சைக் காலருக்குள்ள மஞ்சளா, வேர்வை ஈரத்தோட, என் கட்டை விரல் ரேகை.

கை நின்னுச்சு.

ரகுபதி, "அங்கிள்... அது ஆர்மி ப்ராப்பர்ட்டி அங்கிள்"னு மெல்லச் சொன்னார், வேற என்ன சொல்றதுன்னு தெரியாம. ஜெய் சிரிச்சுட்டான். நிஜமாவே சிரிச்சான், கண்ணுல தண்ணியோட. "போங்கப்பா, இப்ப ரெண்டு காரணம் ஆயிருச்சு."

"இல்லடா, துடைச்சுடுறேன், இரு, இரு, துடைச்சுடுறேன்..." என் சட்டை நுனியால தேய்க்கிறேன். மஞ்சள் எங்கயாவது தேய்ச்சாப் போகுமா? இன்னும் பரவுது. "சார், வேற சட்டை கொடுங்க சார், இது என் தப்பு, அவன் வாங்க வந்தான் சார், நீங்க பார்த்தீங்கல்ல, கை நீட்டினான் சார்!" அதிகாரிக்குத் தமிழ் புரியாது. நான் எந்த பாஷையில கத்துனேன்னு எனக்கே தெரியல. ரகுபதி வேற சட்டை எடுத்து ஜெய்கிட்ட நீட்டினார். அவன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "வேணாம் சார், தேங்க்ஸ்."

என்னை வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க. கடைசி ஃபெரியில நாங்க மூணு பேர். சுதா என் சட்டை நுனியைப் பார்த்தா, மஞ்சளாக் கிடந்துச்சு. கேக்கல.

அதுக்கப்புறம் ராத்திரி பகல் எனக்கு ஒரே சிந்தனை. அவன் வாங்க வந்தான். நான்தான் கெடுத்துட்டேன். எந்தச் சட்டமும் இல்ல, எந்தச் சபையும் இல்ல, எம் பிள்ளையை உள்ள தள்ளினது என் கட்டை விரல். ஒரு நாள் ஒரு பொண்ணுக்குப் பாடம் நடத்திக்கிட்டிருக்கேன், கண்ணுல தண்ணி வருது, அது பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி, "சார், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"ன்னு கேக்குது. "இல்லம்மா, நீ நல்லாத்தான் ஓட்டுறே"ன்னேன். கஃபார்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னேன். கடையை விட்டு எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டார். எம் மனசு அந்த ஒரு விரக்கடையிலயே நின்னுருச்சு.

போன வாரம் பார்க்க விட்டாங்க. முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க. கொஞ்சம் மெலிஞ்சிருக்கான். மத்தபடி நல்லாத்தான் இருக்கான், நல்லாத்தான் நடத்துறாங்கன்னான். சுதா எழுந்து ரோஷினியை உள்ள அனுப்பப் போனப்ப, எங்களுக்குன்னு கொஞ்ச நேரம் கிடைச்சுது. அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்.

"ஜெய், அப்பாகிட்ட உண்மையைச் சொல்லு. அன்னிக்குக் கை நீட்டினியே. வாங்கிப் போடத்தானே? அந்த மஞ்சள் மட்டும் இல்லாட்டி போட்டிருப்பதானே?"

ஆமான்னு சொல்லுவான், என் நெஞ்சு வெடிச்சுரும்னு பயம் ஒரு பக்கம். ஆமான்னு சொல்லணும்னும் ஆசை. ஆமான்னா, எனக்காக ஒரு நிமிஷமாவது அசைஞ்சான்னு ஆகும்ல? அடுத்த தடவை சட்டையைக் காட்டுறப்ப அசைவான்னு ஒரு நம்பிக்கை வரும்ல? நான் மஞ்சளைத் தொடாம, கையைக் கழுவிட்டு, வெளியிலயே நிப்பேன்.

அவன் என்னையே பார்த்தான். யோசிச்சுத்தான் பேசுவான் எப்பவும்.

"இல்லப்பா. உங்க கை ரொம்ப நடுங்குச்சு. சட்டை கீழ விழுந்துடும்னு பிடிக்க வந்தேன்."

எனக்குத் தெரியும், அது உண்மை. எட்டு வயசுலேர்ந்து அவன் பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அதுக்குத்தானே உள்ள இருக்கான். ரோஷினி வந்துட்டா, நான் எழுந்து இடம் விட்டேன். வெளிய வந்து வண்டியில ஏறி, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன், சாவி போடத் தோணல.

ஒரே ஒரு தடவை எனக்காகப் பொய் சொல்லியிருக்கலாம், படவாப் பய.